தொடர்கதையும் தோட்டத்து வாசகரும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வரிசையில் இருபது வீடுகள். அவற்றுள் அச்சிட்ட தாள் என்று சொல்லத்தக்கது இருந்த வீடுகள் மூன்றே. ஒன்றில் பஞ்சாங்கம். மற்றொன்றில் பெரிய எழுத்து ‘நல்லதங்காள் கதை’. எங்கள் வீட்டில், வார இதழிலிருந்து பிரித்தெடுத்து நூலால் தைத்த ‘பொன்னியின் செல்வன்’. தோட்டத்தை விட்டுச் சென்ற கிராணி ஒருவர் அதை என் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்தறியாத என் பாட்டியார்க்கு இரவுதோறும் அதை வாசித்துக் காட்டுவது, நான்காம் வகுப்பு மாணவனாகிய என் பொறுப்பு.

பின்னர் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன். அங்கே புதுமைப்பித்தனும் மௌனியும் கு.ப. ராஜகோபாலனும் அறிமுகமாயினர். அவர்களைப் படித்தபின், நான் சிறுவயதில் வாசித்தது எல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணி வெட்கப்பட்டதும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த பிறகு, அந்த வெட்கம் முறையானதுதானா என்னும் ஐயம் எழுந்துள்ளது. மக்கள் விரும்பிப் படிக்கும் ஜனரஞ்சகக் கதைக்கும், அறிஞர் போற்றும் இலக்கியக் கதைக்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னதை மக்கள் நாடுவது எதனால்? இவ்வினாக்களுக்கு, நம் தோட்டத்து வாசகரின் வரலாற்றைக் கொண்டு விடை காண முயல்வோம்.

வழக்கமான விடை

ஜனரஞ்சகக் கதை எளிது. இலக்கியக் கதை அரிது. எளிதையே மக்கள் நாடுவர். வாழ்க்கைத் துன்பத்தை மறக்கக் கற்பனைக்குள் புகுந்து ஒளிந்துகொள்வர். இதுவே பலரும் கூறும் விடை. இங்கிலாந்தில் கியூ. டி. லீவிஸ் அம்மையார் 1932இல் வெளியிட்ட ‘புனைகதையும் படிக்கும் பொதுமக்களும்’ என்னும் ஆய்வு நூல், விற்பனையையே நோக்கமாகக் கொண்ட கதைகள் மக்களின் சுவையைத் தாழ்த்துகின்றன என்று வாதிட்டது. தமிழ்நாட்டில் க.நா. சுப்ரமண்யமும் சி.சு. செல்லப்பாவும் பத்திரிகைத் தொடர்கதைகளை இலக்கியமாக ஏற்க மறுத்தனர். 1959இல் செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தே தொடங்கினார். பலர் படிப்பது என்பதே ஐயத்துக்குரியதாக அவர்களுக்குத் தோன்றிற்று.

அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த விடை ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. எங்கள் லயத்தில் இருந்த ‘நல்லதங்காள் கதை’யை எண்ணிப் பாருங்கள். பஞ்சத்தால் பிறந்தகம் வந்தவளை அண்ணி பட்டினி போடுகிறாள். தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள் அந்தத் தாய். இதைவிடத் துன்பமான கதை உண்டா? துன்பத்தை மறப்பதற்காகவே மக்கள் கதை படிக்கின்றனர் என்றால், பசியை நன்கு அறிந்த தோட்டத்துப் பெண்கள் இந்தக் கதையை மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லி அழுதது ஏன்? ஆகவே வேற்றுமை இன்பத்துக்கும் துன்பத்துக்கும் இடையே இல்லை. வேறு எங்கோ உள்ளது.

கேட்டுப் படித்த காலம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழில் நாவலின் தொடக்கம் அது என்பர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேகசிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. ஆனால் அக்காலத்துப் பெருவாரியான மக்கள் கையில் இருந்தவை இந்த நூல்கள் அல்ல. சென்னைக் குஜிலிக் கடைகளில் மலிந்த விலைக்கு விற்ற தேசிங்குராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலிய பெரிய எழுத்துப் பதிப்புகளே அவை. மங்கிய விளக்கொளியிலும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் வாசிக்கத்தக்க வகையில் எழுத்துகள் பெரிதாக அச்சிடப்பட்டன. படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். ‘நாவலும் வாசிப்பும்’ என்னும் நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி, தொடக்க கால நாவல்களும் இவ்வாறே உரக்க வாசிக்கப்பட்டன என்றும், தனியே அமர்ந்து வாய்க்குள் படிக்கும் பழக்கம் மெல்ல மெல்லவே வந்தது என்றும் விளக்கியுள்ளார்.

மலாயாத் தோட்டங்களில் இந்த நிலை இன்னும் நெடுங்காலம் நீடித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாய்க் கூட்டு மாநிலங்களில் விதித்தது. சட்டம் இருந்ததே அன்றிக் கல்வி போதிய அளவு இருந்ததில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்றார். ஓரறைக் கொட்டகையே பள்ளியாயிற்று. ஒரு குடும்பத்தில் ஒருவர், சில இடங்களில் ஒரு லயத்துக்கே ஒருவர், படிக்கத் தெரிந்தவராக இருந்தார். அந்த ஒருவரின் குரலே மற்றவர்களுக்குப் புத்தகம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். பத்துப் பேருக்கு உரக்க வாசிக்கும் கதைக்கு வேண்டியவை சில உண்டு. நிகழ்ச்சி ஒன்றையடுத்து ஒன்று வர வேண்டும். பாத்திரங்கள் பேச வேண்டும். நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து சென்றவள் திரும்பி வந்தாலும் கதை பிடிபட வேண்டும். மௌனி எழுதியவை இருபத்து நான்கு சிறுகதைகளே. அவை மனத்தின் உள்ளே நிகழ்வன. அவற்றை எங்கள் லயத்து வாசலில் வாசித்திருந்தால் யாருக்கும் விளங்கியிராது. கேட்பவர் மூடர் என்பதால் அன்று. அந்தக் கதை தனிமையையும் அமைதியையும் கேட்கிறது. மீண்டும் ஒருமுறை திருப்பிப் படிக்க நேரமும் கேட்கிறது. பத்தடி அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கிய வீட்டில், விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர்க்கு, இம்மூன்றும் எங்கே கிட்டும்?

துப்பறிவோரும் தொடர்கதையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் தமிழ் வாசகரைக் கவர்ந்தனர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீடுதோறும் அறிந்த துப்பறிவோர் ஆயினர். ஆரணியார், இலண்டனில் பேர்பெற்ற ரெயினால்ட்ஸ் போன்றோரின் மர்மக் கதைகளைத் தமிழ் மண்ணுக்கு ஏற்ப மாற்றித் தந்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர், தம் முதல் படைப்பைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. வாயால் சொல்லப்பட்ட கதை, வாயால் வாசிக்கப்படும் இல்லங்களுக்குச் சென்றது.

இந்நாட்டு முயற்சியும் அந்த வழியிலேயே தொடங்கிற்று. மலாயாவின் முதல் தமிழ் நாவல் என நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது, 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. ‘அல்லது’ என்று இரட்டைப் பெயர் சூட்டும் வழக்கம் அந்நாளைய தமிழ்நாட்டு நாவல்களில் பரவலாகக் காணப்பட்டதே.

அடுத்து வந்தது வார இதழ்களின் காலம். 1928இல் எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கினார். அதில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி, கல்கி என்னும் பெயரில், 1937இல் ‘கள்வனின் காதலி’யைத் தொடராகத் தந்தார். 1941இல் தம் புனைபெயரையே பெயராகக் கொண்ட இதழைத் தொடங்கினார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றுக்குப் பின், 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்தது. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் முகம் தந்தன.

இங்கிலாந்தில் டிக்கன்ஸ் 1836இல் ‘பிக்விக்’ கதையை மாதப் பகுதிகளாக வெளியிட்டுக் கண்ட வெற்றியின் தமிழ் வடிவம் இது. ‘நாவலின் கூறுகள்’ (1927) என்னும் நூலில் ஈ.எம். ஃபார்ஸ்டர், கதை கேட்பவன் ‘பிறகு என்ன?’ என்று கேட்கிறான். கதைப் பின்னலை நோக்குபவன் ‘ஏன்?’ என்று கேட்கிறான் என வேறுபடுத்திக் காட்டினார். தொடர்கதை ‘பிறகு என்ன?’ என்னும் வினாவை ஒரு வாரம் முழுவதும் வாசகன் நெஞ்சில் நிறுத்தியது. அந்த ஒரு வாரத்தில் அவன் தனியாக இல்லை. சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வழியாக வரும் ‘ரஜூலா’ கப்பல் இந்தக் கரையில் முதலில் தொடும் பெருந்துறை பினாங்கு. கப்பல் வந்த கிழமையில் பினாங்கு வீதி, மார்க்கெட் வீதிப் பக்கம் பத்திரிகைக் கட்டுகள் வந்துவிட்டனவா என்று கேட்டுப் போவோர் பலர் இருந்தனர் என என் தந்தையார் சொல்வார். நகருக்குச் சென்றவர் ஒரு பிரதி வாங்கி வருவார். அது தோட்டம் முழுவதும் சுற்றி வரும். மறுநாள் மரம் வெட்டும் நிரையிலே, கொலை செய்தவர் யார் என்பது பற்றி வழக்காடுவர். கதை, ஊரார் பொதுவில் பேசும் பொருளாயிற்று.

துன்பக்கேணி

இதே காலத்தில் தமிழில் இன்னொரு நீரோட்டமும் ஓடியது. 1933இல் தோன்றி, 1935 முதல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக நடந்து, 1939இல் நின்றுபோன ‘மணிக்கொடி’யே அது. அதில் 1935இல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்னும் கதையை எழுதினார். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் கதை அது. வறுமையும், நோயும், அதிகாரம் உடையோரின் இழிசெயலும் அவளை எவ்வாறு நசுக்கின என்பதை, கண்ணீர் வடிக்காமல், குரலை உயர்த்தாமல் அவர் சொல்லிச் சென்றார்.

பயிற்சிக் காலத்தில் அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தேயிலைக்குப் பதில் ரப்பர் என்று மாற்றிப் படித்தால், அது எங்கள் பாட்டன் பாட்டியின் வரலாறு. தமிழின் தலைசிறந்த எழுத்தாளர் ஒருவர் தோட்டத் தொழிலாளியைப் பற்றி எழுதியிருந்தார். தோட்டத் தொழிலாளியோ அவரை அறியவில்லை. சோழ இளவரசர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான். இந்த முரண்பாட்டை எப்படி விளங்கிக்கொள்வது?

மெய்ப்பாட்டுக் கணக்கு

இதற்கு மேலைநாட்டு நூல்களைவிடத் தொல்காப்பியம் எனக்குத் துணை செய்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களங்கள் நான்கு எனவும் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. பெருமிதம் பிறப்பது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றால். இளிவரல் பிறப்பது மூப்பு, பிணி, வருத்தம், எளிமை ஆகியவற்றால்.

இவ்விரண்டு பட்டியலையும் அந்நாளைய தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். பெருமிதத்துக்குரிய நான்கில் அவனுக்கு வாய்த்தது எது? கல்வி தரப்படவில்லை. அஞ்சாமை காட்டினால் வேலை போயிற்று. புகழ் என்பது தோட்டத்து எல்லைக்கு வெளியே இல்லை. கொடுப்பதற்குக் கையில் பொருளும் இல்லை. இளிவரலுக்குரிய நான்குமோ அவன் வீட்டிலேயே குடியிருந்தன. ‘துன்பக்கேணி’ அவனுக்குத் தருவது, அவன் அளவுக்கு மிஞ்சிப் பெற்றிருந்த இளிவரலை. ‘பொன்னியின் செல்வன்’ தருவது, அவனுக்கு ஒருநாளும் கிட்டாத பெருமிதத்தை.

வந்தியத்தேவன் யார்? வாணர் குலத்தவன் என்றாலும் நாடில்லாதவன், செல்வமில்லாதவன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தனியே குதிரையேறி வருகிறான். வாய்ச்சாலகமும் துணிவும் தவிர அவன் கையில் ஏதுமில்லை. அவற்றைக் கொண்டே கோட்டைக்குள் புகுகிறான். அரசகுமாரியின் மதிப்பைப் பெறுகிறான். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பேரன்மார், அவனைத் தங்களில் ஒருவனாகக் கண்டதில் வியப்பென்ன?

நல்லதங்காளுக்கும் இதிலேயே விளக்கம் உண்டு. இழவாலும் வறுமையாலும் பிறக்கும் அழுகை, பத்துப் பேர் கூடி அழத்தக்கது. அழுதபின் நெஞ்சு இலேசாகும். தான் இழிவுற்றதைக் காணும் இளிவரலோ அப்படிப்பட்டதன்று. அதைப் பிறர் நடுவே வைத்துப் பார்க்க யாரும் விரும்பார். ஜனரஞ்சகக் கதை, பலர் கூடி உணரத்தக்க மெய்ப்பாடுகளை எடுத்துக்கொள்கிறது. வாசகனுக்குத் துணையாக வருகிறது. இலக்கியக் கதை அவனைத் தன்னோடு தனியே விட்டுவிட்டுப் போகிறது. இதுவே நான் காணும் அடிப்படை வேற்றுமை. இரண்டும் மனிதனுக்கு வேண்டியவை. ஆனால் தனித்திருக்க முடியாதவனிடம் இரண்டாவதை மட்டும் நீட்டி, அவன் வாங்கவில்லை என்று குறை கூறுவது முறையாகாது.

கடாரத்தைக் காட்டிய கதை

ஜனரஞ்சகக் கதை பினாங்குத் தமிழர்க்கு மற்றொரு நன்மையும் செய்தது. அருள்மொழிவர்மன் நோயுற்றபோது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் தங்கியதாகக் கல்கி எழுதினார். அந்த விகாரத்தை எடுத்தவர் கடாரத்து அரசர் என்பதும், அதற்கு இராசராச சோழன் ஓர் ஊரையே அளித்தான் என்பதும் ஆனைமங்கலச் செப்பேடு கூறும் வரலாறு. அந்தக் கடாரமே இன்றைய கெடா. பினாங்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலை நிற்கும் நாடு. 1025இல் இராசேந்திரன் படையெடுத்ததும் இந்தக் கடாரத்தின் மீதே. சாண்டில்யன் ‘குமுதம்’ இதழில் எழுதிய ‘கடல் புறா’வோ கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் கதைக்களமாகவே கொண்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தாங்கள் கூலிகள் என்று மட்டுமே எண்ணி வந்தவர்களின் மக்கள், அதே கடல் வழியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் தமிழர் வந்தனர் என்று முதலில் அறிந்தது பாடநூலிலிருந்து அன்று; வார இதழிலிருந்தே.

ஆயினும் இதில் ஒரு தீங்கும் உண்டு; அதை மறைத்தல் ஆகாது. செப்பேட்டின் ஆவணம் இராசராசனின் இருபத்தோராம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கதையோ அவன் முடிசூடிய 985ஆம் ஆண்டுக்கும் முந்தைய காலத்தது. கதைக்காக ஆசிரியர் காலத்தை முன்னே நகர்த்திக்கொண்டார் எனலாம். கதாசிரியர்க்கு இந்த உரிமை உண்டு. ஆனால் கதையையே வரலாறாகக் கொள்ளும் வாசகன், படையெடுத்தவனின் பெருமிதத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, படையெடுக்கப்பட்ட நாட்டின் துயரத்தை மறந்துவிடுவான். பூஜாங் பள்ளத்தாக்கில், 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தெடுத்த கோயில் அடித்தளங்களைக் காண மாணவரை அழைத்துச் சென்றபோது, ‘இதெல்லாம் நாம் பிடித்த நாடா, சார்?’ என்று ஒருவன் கேட்டான். வணிகமும் சமயமும் கலந்து வாழ்ந்த மக்களின் இடம் இது என்று அவனுக்கு விளக்க நெடுநேரம் ஆயிற்று. பெருமிதம் நல்ல மருந்தே. அளவு மிஞ்சினால் அதுவே நோய்.

பாட்டியார் கேட்க மறுத்த நூல்

என் பாட்டியாரின் கணவர், அதாவது என் பாட்டனார், ஜப்பானியர் ஆட்சியில் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இராது. 1993இல் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் வெளிவந்தது. நான் ஆசிரியனாகச் சேர்ந்திருந்த காலம். நூலை வாங்கி வந்து, பழைய வழக்கப்படி பாட்டியார் அருகில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்று நான்கு பக்கம் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். “போதும் தம்பி. இது எனக்குத் தெரியும். வந்தியத்தேவன இருந்தா படி” என்றார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் வாழ்வைப் பற்றிய நூலையே கேட்க மறுக்கிறாரே என்று எண்ணினேன். மூடி வைத்துவிட்டு, சொன்னபடி பழைய கட்டைப் பிரித்தேன். சில நாள் கழித்து, வெற்றிலை இடித்துக்கொண்டே, “அந்தப் புத்தகத்த யாருக்கும் கொடுத்துடாத. எடுத்து வை. ஒன் பிள்ளைங்க படிக்கட்டும்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரு வகைக் கதைகளையும் பற்றி நான் படித்த திறனாய்வுகளை எல்லாம் விட அந்தச் சொல் தெளிவானது. தாம் கேட்பதற்கு ஒரு கதை. தம் பேரன் பிள்ளைகள் அறிவதற்கு ஒரு கதை. முன்னது அவர் அன்றைய பொழுதைத் தாங்குவதற்கு. பின்னது, அவர் பட்டது வீணாகாமல் இருப்பதற்கு. படிக்காவிட்டாலும் அந்நூல் இருக்க வேண்டும் என்று எழுத்தறியாத அவர் அறிந்திருந்தார். ஜனரஞ்சகக் கதையை விரும்புவோர் இலக்கியத்தின் பகைவர் அல்லர்.

சுவரன்று, படிக்கட்டு

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடும் நிலையானதன்று. ரங்கராஜுவின் நாவல்களை இன்று தேடிப் படிப்போர் சிலரே. சில நூறு பேர் படித்த ‘மணிக்கொடி’க் கதைகளோ இன்று பாடநூலில் உள்ளன. அதற்கு மாறாக, எழுபது ஆண்டுகள் கழிந்தும் ‘பொன்னியின் செல்வன்’ வாசகரை இழக்கவில்லை. மு. வரதராசனாரின் நாவல்கள் திருமணப் பரிசாக வழங்கப்பட்டன. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மல’ரைப் படித்தோர் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டனர். 1960களில் ஜெயகாந்தன், பல்லாயிரம் பேர் படித்த ‘ஆனந்த விகட’னிலேயே, அவர்களைச் சுடும் கதைகளை எழுதினார். இந்நாட்டில் 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’, பத்திரிகைக் கதை படித்து வந்தவர்களையே கதை எழுதுவோராக்கிற்று. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. அது போட்ட விதை நிற்கவில்லை. இவர்கள் எல்லாம் சுவர் என்று கருதப்பட்ட இடத்தில் படிக்கட்டு அமைத்தோர்.

நான் ஒருகாலத்தில் அந்தப் படிக்கட்டை உடைத்தவன். பணியில் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேசைக்கடியில் வைத்துப் படித்த துப்பறியும் நாவலைப் பறித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதன்பின் அவன் எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. தரத்தை உயர்த்துவதாக எண்ணி ஒரு வாசகனையே இழந்தேன். அந்தத் தவறு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இன்று எங்கள் பள்ளியின் பெயரில் மட்டுமே தோட்டம் உள்ளது. மரங்கள் போய் வீட்டு மனைகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. லயம் இல்லை, கூடிக் கேட்ட திண்ணையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தனி அறை கிடைத்துள்ளது; அதில் கைப்பேசியும் உள்ளது. தனிமை வந்தது, அமைதி வரவில்லை. ஆகவே பழைய திண்ணையை வகுப்பறையில் மீண்டும் அமைக்க முயன்று வருகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசிப்பேன். சுவையான இடத்தில் நிறுத்திவிடுவேன். 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமாக வந்தபோது, வந்தியத்தேவன் யார் என்று பிள்ளைகள் தாமே கேட்டு வந்தனர். நூல் நிலையத்தில் இருந்த முதல் பாகத்துக்கு வரிசை நின்றது. அந்த ஆண்டின் இறுதியில், ஒரு மாணவி வந்து, “சார், இது போல நம்ம தோட்டத்தப் பத்தி ஏதாவது கதை இருக்கா?” என்று கேட்டாள்.

வீட்டிலிருந்து பழைய நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாட்டியார் எடுத்து வைக்கச் சொன்ன அதே பிரதிதான். அவள் அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.